குடல் சுத்தம்: வெளியே வருவது எது?

பெருங்குடலை நீர்விட்டுக் கழுவும் இயந்திரத்தில், கழிவு வெளியேறும் பாதையில் உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதன் பின்னால் சின்ன விளக்கு. மேசைமேல் படுத்திருப்பவர் தலையைத் திருப்பினால் தன் வயிற்றிலிருந்து என்னென்ன போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீர் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் அந்தக் குழாய் தெளிவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டுக் கறுப்புக் குழாய் ஒன்றைப் பொருத்தினால், மறுபடி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. குடல் சுத்தம் என்ற முறைக்குக் கண்ணால் கண்ட சாட்சிதான் முதுகெலும்பு. ஆகவே அந்தச் சாட்சியை முதலில் விசாரிப்போம்.

ஒரு நாளில் நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், சிறுகுடல் சுரப்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்றரை லிட்டர் கூழ். பெருங்குடலின் நீளமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். கூழிலிருந்து நீரையும் சோடியத்தையும் இழுத்துக்கொண்டு, 100 முதல் 200 மி.லி. நீரை மட்டும் அது மலத்தோடு விடுகிறது. அந்த மலத்தில் முக்கால் பங்கு நீர். திடப்பொருளில் கால் பங்கிலிருந்து பாதிவரை பாக்டீரியா. மீதியில் நார், கொழுப்பு, சளி, உதிர்ந்த செல்கள். நேற்றுச் சாப்பிட்டதன் சக்கை நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டு நாள் பட்டினி கிடந்தவருக்கும் மலம் வருவது இதனால்தான். யாரைப் படுக்கவைத்துக் கழுவினாலும் அந்தக் கண்ணாடிக் குழாயில் ஏதாவது வரும். எதுவும் வராத குடல்தான் கவலைப்படவேண்டிய குடல்.

“பல வருடக் கசடு சுவரில் அப்பிக் கிடக்கிறது” என்பது இந்தத் துறையின் அடிப்படை வசனம். அப்பிக்கொள்ள வேண்டுமானால் சுவர் நிலையாக இருக்கவேண்டும். பெருங்குடலின் உள்தோல் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். அதன்மேல் வழவழப்பான சளிப்படலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்கிறவர்கள் தினமும் பார்ப்பது இளஞ்சிவப்பான, ஈரமாகப் பளபளக்கும் ஒரு சுரங்கத்தை. மெல்லிய ரத்த நாளங்கள் மரக்கிளைபோல அதில் ஓடுவதுகூடத் தெரியும்.

மலம் உண்மையிலேயே அடைத்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. வயதானவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மார்ஃபின் வகை வலிநிவாரணி எடுப்பவர்கள் ஆகியோருக்கு மலக்குடலில் கெட்டியான உருண்டை சிக்கிக்கொள்ளும். அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதால், வீட்டில் உள்ளவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் போக்கை நிறுத்த மருந்து கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். கையுறை அணிந்த விரலால் மருத்துவர் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது. எல்லோர் வயிற்றிலும் ஒளிந்திருக்கும் ரகசியக் கசடு ஒன்றும் இல்லை.

கயிறும் கல்லும்

இனி அந்தக் “கசடு” என்று படம் பிடித்துக் காட்டப்படுவது. கை நீளத்துக்கு ரப்பர் கயிறுபோல, பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ, குடலின் மடிப்புகள் அப்படியே பதிந்து வரும். பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அதற்குமுன் சுத்திகரிப்புப் பொட்டலத்தின் பொருள்பட்டியலைப் படிக்கவேண்டும். பெரும்பாலும் இரண்டு சரக்கு இருக்கும்: இசப்கோல் உமி, பெண்டோனைட் களிமண். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு குவளை நீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கூழாகிவிடும். நீரை உறிஞ்சி வீங்கும் களிமண்ணையும் சேர்த்தால் கூழ் இன்னும் இறுகிப் பசையாகும். இதையே விழுங்கினால், பெருங்குடல் நீரைப் பிழிந்தெடுக்க, குடல் என்ற அச்சில் வார்த்த கயிறாக வெளியே வருகிறது. பொட்டலத்தை விழுங்காதவர்களுக்கு இந்தக் கயிறு வருவதில்லை. அறுவையில் வெட்டியெடுத்த குடல்களைத் திறந்து பார்க்கும் நோயியல் நிபுணர்களும் இப்படி ஒரு படலத்தைக் கண்டதில்லை.

பெருங்குடலை விட்டுச் சற்று விலகினாலும், இதே தந்திரத்தின் இன்னொரு வடிவத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லீரல் சுத்தம் என்று ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தவர்களுக்கு மறுநாள் காலை பச்சை நிறத்தில் மெதுமெதுவென்று “பித்தக்கற்கள்” வரும். 2005-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அப்படி ஒரு நிகழ்வு பதிவானது. 40 வயதுப் பெண் ஒருவர் 600 மி.லி. ஆலிவ் எண்ணெயும் 300 மி.லி. எலுமிச்சைச் சாறும் சில மணிநேரத்தில் குடித்திருந்தார். வந்த கற்களை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். 40 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்ததும் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. நிஜப் பித்தக்கல்லில் இருக்கக்கூடிய கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் என்ற பித்த நிறமி இல்லை, கால்சியம் இல்லை; முக்கால் பங்கு கொழுப்பமிலம். அதாவது வயிற்றுக்குள் காய்ச்சிய சோப்பு. ஸ்கேனில் தெரிந்த நிஜக் கற்களைப் பிறகு அறுவை செய்துதான் எடுக்கவேண்டி வந்தது.

மூன்றாவது உதாரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. “மூலிகை டீடாக்ஸ் தேநீர்” பலவற்றில் உண்மையில் வேலை செய்வது சென்னா, அதாவது நிலாவாரை. அதிலுள்ள ஆந்த்ராகுவினோன்கள் என்ற வேதிப்பொருள்கள் குடல் செல்களை மடியச் செய்கின்றன. அந்தச் சிதைவுகளை விழுங்கிய பாதுகாப்பு செல்களில் லிபோஃபஸ்சின் என்ற பழுப்பு நிறமி தேங்குகிறது. மாதக்கணக்கில் குடித்தவரின் குடலுக்குள் கேமராவை விட்டால் இளஞ்சிவப்புச் சுரங்கம் இல்லை. முதலைத் தோல்போலக் கறுத்துக் கிடக்கும். மருத்துவத்தில் இதற்கு மெலனோசிஸ் கோலை என்று பெயர். ஆபத்தானதல்ல, தேநீரை நிறுத்தினால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறைந்துவிடும். ஆனால் அழுக்கைப் போக்கக் குடித்த மருந்தே குடலைக் கறுப்பாக்கியிருக்கிறது பாருங்கள்.

அப்படியானால் ஏன் உடம்பு லேசாகிறது?

கழுவிய பிறகு தலைபாரம் இறங்கியது, மந்தம் போனது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இதற்கு 19-ஆம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் இருந்தது: அழுகும் மலத்திலிருந்து நஞ்சு ரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் பூஷார் 1887-ல் இதை ‘தன் நஞ்சேற்றம்’ என்ற கோட்பாடாக்கினார். லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நட் லேன் இன்னும் ஒரு படி மேலே போய், நாள்பட்ட மலச்சிக்கலுக்குப் பெருங்குடலையே வெட்டியெடுத்தார். அவர் கோமாளி அல்ல. அக்காலத்தின் பெயர்பெற்ற கைகளில் ஒருவர்.

கோட்பாட்டில் ஓட்டை போட்டவர் அமெரிக்காவின் வால்டர் அல்வாரெஸ். 1919-ல் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. நஞ்சுதான் காரணம் என்றால், மலம் கழித்த மறுநிமிடமே எப்படித் தலைவலி போகிறது? ரத்தத்தில் ஏறிய நஞ்சு இறங்க மணிக்கணக்கில் ஆகுமே. குடித்தவனிடமிருந்து சாராயப் புட்டியைப் பிடுங்கினால் உடனே போதை தெளிந்துவிடுகிறதா? காரணம் நஞ்சல்ல, மலக்குடல் விரிந்து நரம்புகளை அழுத்துவது என்றார். 1922-ல் டொனால்ட்சன் என்பவர் இதைச் சோதித்தே காட்டினார்: ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தார். அதே மந்தம், அதே எரிச்சல், அதே தலைபாரம். பஞ்சை எடுத்ததும் போய்விட்டது. பஞ்சில் என்ன நஞ்சு இருக்கிறது?

பழைய கோட்பாடு முழுப் பொய்யும் அல்ல. குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குவது நிஜம். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். கல்லீரல் சுருங்கிய சிரோசிஸ் நோயாளிக்கு அந்த வேலை தடைபட, அம்மோனியா மூளையை எட்டிக் குழப்பம், கை நடுக்கம், கடைசியில் நினைவிழப்பு என்று கொண்டுபோய் விடும். அங்கே குடலைச் சுத்தம் செய்வது உயிர்காக்கும் சிகிச்சை. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தை நாளுக்கு 2–3 முறை இளக்கமாக மலம் போகும் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பார்கள். நினைவு தப்பியவருக்கு 300 மி.லி. லாக்டுலோஸை 700 மி.லி. நீரில் கலந்து ஆசனவாய் வழியே எனிமாவாக ஏற்றி, அரை மணி முதல் ஒரு மணிநேரம் உள்ளே நிற்கவைப்பார்கள். கெட்டிருப்பது குடல் அல்ல, கல்லீரல் என்பதைக் கவனிக்கவேண்டும். கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு வெளியிலிருந்து கழுவிக் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

எடை குறைந்தது என்பதும் இப்படித்தான். எடைத்தட்டில் குறைவது நீரும் மலமும். சத்து உறிஞ்சப்படுவது பெருங்குடலுக்கு முன்பே, சிறுகுடலில். 1983-ல் வெளியான ஓர் ஆய்வில், கடும் பேதி வந்த அளவுக்கு மலமிளக்கி எடுத்தும், உறிஞ்சப்பட்ட கலோரியில் குறைந்தது சுமார் 12 சதவீதம்தான்.

முறைகளும் அவை பிசகும் இடங்களும்

எனிமா இவற்றில் எளியது. மருத்துவத்தில் செய்யும்போது நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பார். பெருங்குடலின் கடைசி வளைவு இடப்பக்கம் இருப்பதால் நீர் தானே இறங்கும். பெரியவருக்கு 500 மி.லி. முதல் ஒரு லிட்டர், உடல் சூட்டுக்கு இணையான வெதுவெதுப்பு. குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, நுனியில் வழவழப்புக் களிம்பு தடவி, தொப்புளை நோக்கிய சாய்வில் 7 முதல் 10 செ.மீ. மட்டும் நுழைப்பார்கள். பை இடுப்புக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். நோயாளிக்கு வயிறு பிடித்து இழுத்து வலித்தால் பையைத் தாழ்த்தவேண்டும். தடை தட்டினால் அழுத்தக்கூடாது. மலக்குடலின் முன்சுவரைக் குழாய் நுனி குத்திக் கிழிப்பது அந்த அழுத்தத்தில்தான்.

என்ன நீர் என்பதும் முக்கியம். வெறும் நீர் உடல் திரவத்தைவிட உப்புக் குறைந்தது. குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தெளிந்து வரும்வரை என்று லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தச் சோடியம் சரிந்து, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்தால் அந்தச் சிக்கல் குறையும். சோப்பு நீர் குடல் சுவரைப் புண்ணாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொப்புளித்துச் சுவரையே அரிக்கும். மருந்துக்கடையில் வாங்கும் சோடியம் பாஸ்பேட் எனிமா பாட்டில் சிறிது என்பதால் பலரும் அதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 24 மணிநேரத்தில் ஒன்றுக்கு மேல் பயன்படுத்தியதால் இறப்பு வரை நேர்ந்திருக்கிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 ஜனவரியில் எச்சரித்தது. போட்ட எனிமா வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் பாஸ்பேட் உறிஞ்சப்பட்டுக் கால்சியம் வீழ்ந்துவிடும். அந்த நேரத்தில் இன்னொன்று போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

காபி எனிமாவை மாக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மானிய மருத்துவரின் புற்றுநோய்ச் சிகிச்சை பரப்பியது. பித்தக்குழாயை விரித்து நஞ்சைக் கொட்டச் செய்யும் என்பது வாதம். நடப்பது என்னவென்றால், காபி ஆறுவதற்கு முன் ஏற்றியதால் மலக்குடல் வெந்தவர்கள், அழற்சி வந்தவர்கள். அடிக்கடி ஏற்றியதால் உப்புச் சமநிலை குலைந்த இரண்டு மரணங்கள் 1980-லேயே மருத்துவ இதழில் பதிவாயின.

உப்புநீர் குடித்துக் கழுவும் யோக முறையில் கணக்கு வேறு. லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு கலந்த வெந்நீரை இரண்டிரண்டு குவளையாகக் குடித்து, இடையிடையே உடலை வளைத்துத் திருப்பும் ஆசனங்கள் செய்து, தெளிந்த நீராக வரும்வரை தொடர்வார்கள். உப்பு குறைந்தால் நீர் உறிஞ்சப்பட்டுச் சிறுநீராகப் போகும். கூடினால் குமட்டும், உடல் வற்றும். சரியாகக் கலந்தாலும் 3 லிட்டரில் 27 கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போனதில் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்றாலும், ரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு உறிஞ்சப்படும் மீதியே போதும்.

இனி இயந்திரம். மூடிய அமைப்பில் ஆசனவாயில் பொருத்தும் கருவிக்கு இரண்டு வழி: ஒன்றில் நீர் போகும், மற்றதில் கழிவு வரும். அரை மணி முதல் ஒரு மணிநேரம். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வடித்து, மொத்தத்தில் 60 லிட்டர்வரை ஓடும் அமர்வுகளும் உண்டு. வயிற்றைப் பிசைந்துவிட்டுக்கொண்டே செய்வார்கள். அழுத்தம் கூடினால் குடல் கிழிவது ஓர் ஆபத்து. இன்னொன்று, முந்தையவரின் கழிவு. அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை) சிகிச்சை நிலையத்தில் 1978 ஜூன் முதல் 1980 டிசம்பர் வரை கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா நோய் வந்தது. பத்துப் பேருக்குப் பெருங்குடலை வெட்டவேண்டியதாயிற்று. அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வழக்கம்போலச் சுத்தம் செய்து முடித்த இயந்திரத்தைச் சோதித்தபோது மலக் கிருமிகள் மண்டிக் கிடந்தன. தெளிந்த குழாயில் எல்லாம் தெரியும், கிருமி தெரியாது. உடம்பில் படும் பாகம் ஒருமுறை பயன்படுத்தி எறிவதா, கழிவு நீர்வழியில் திரும்பாமல் தடுப்பு வால்வு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத இடத்தில் படுக்கவே கூடாது. பரிசோதனைக்கு முன் மருத்துவக் காரணத்துக்காகக் குடலைச் சுத்தம் செய்யும் கருவிகளை ஒரு வகுப்பிலும், “பொது நலனுக்காக” என்று வழக்கமாகக் கழுவுவதை மிகக் கடுமையான மூன்றாம் வகுப்பிலும் எஃப்.டி.ஏ. வைத்திருக்கிறது.

குடல் அழற்சி நோய், டைவர்டிகுலைட்டிஸ் (குடல் சுவரில் புடைத்த சிறு பைகளின் அழற்சி), சமீபத்திய வயிற்று அறுவை, மலக்குடல் கட்டி, முற்றிய மூலம், இதய–சிறுநீரக நோய், கர்ப்பம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. செய்துகொண்ட பிறகு வயிறு பலகைபோல இறுகினாலோ, காய்ச்சல், ரத்தம், குறையாத வலி, தோள்பட்டை உச்சியில் புதிதாக வலி வந்தாலோ குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்; “நஞ்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்” என்ற ஆறுதலைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். கரிப்பொடி கலந்த பொட்டலங்கள் கூடவே எடுக்கும் மாத்திரைகளையும் உறிஞ்சிக்கொள்ளும். கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கொலோனோஸ்கோபிக்கு முன் மருத்துவமனையே குடலைக் கழுவுகிறதே என்று கேட்பார்கள். கழுவுகிறது; கேமராவுக்குச் சுவர் தெரியவேண்டும் என்பதற்காக. பயன்படுத்துவது பாலிஎத்திலீன் கிளைகால் கரைசல், பழைய முறையில் 4 லிட்டர். உடலின் திரவத்தோடு உப்பு சமமாக இருக்கும்படி செய்திருப்பதால் நீர் உள்ளேயும் இழுபடாது, உடலிலிருந்தும் வடியாது. பாதியை முந்தின மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு 4–6 மணிநேரம் முன்பும் குடித்தால் சுத்தம் நன்றாக இருக்கும். இந்தக் கரைசலுக்கு வந்து சேர்ந்த கதையும் லேசானதல்ல: முன்பு மானிட்டால் சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்தினார்கள், அதைப் பாக்டீரியா நொதிக்கவைத்து ஹைட்ரஜன் உண்டாக்க, பாலிப் என்ற சதை வளர்ச்சியை மின்கம்பியால் வெட்டும்போது குடலுக்குள்ளேயே வெடித்து ஒருவர் இறந்தது 1979-ல் பதிவானது. இத்தனை கவனமாகச் செய்தும் பக்கவிளைவு உண்டு. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், கழுவிய உடனே குடல் பாக்டீரியாவின் மொத்த அளவு 31 மடங்கு குறைந்து, பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது. மாதமொருமுறை கழுவிக்கொள்கிறவர் அந்தத் தோட்டத்தைப் பாதி நாள் மறுநடவிலேயே வைத்திருக்கிறார்.

கழுவப் போகிறவர்களில் கணிசமானோருக்கு உண்மையான தொல்லை மலச்சிக்கல்தான். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறைவரை எல்லாமே இயல்பு என்று தெரிந்தாலே சிலருடைய நோய் தீர்ந்துவிடும். மற்றவர்கள் இசப்கோலை 3–5 கிராம், ஒரு முழுக் குவளை நீரோடு எடுக்கலாம். நீர் குறைந்தால் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். அதற்குக் கேட்காவிட்டால் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி, நாளுக்கு 17 கிராம். காலை உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானே அசைந்து கொடுக்கும். அந்த அரை மணிநேரத்தை விடாமல், காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நிமிரும். ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, நடுவயதுக்குப் பிறகு திடீரென்று மாறிய பழக்கம் இருந்தால் இவை எதையும் முயன்றுகொண்டிருக்காமல் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

எதற்கும் மசியாத ஒரு வகையும் உண்டு. முக்கும்போது விரியவேண்டிய இடுப்புத்தளத் தசை எதிர்மாறாக இறுகிக்கொள்ளும். மலக்குடலில் 50 மி.லி. நீர் நிரப்பிய பலூனை வைத்து ஒரு நிமிடத்துக்குள் வெளித்தள்ளச் சொன்னால் இவர்களால் முடியாது. இப்படிப்பட்டவர்கள் கழுவும் மேசைக்குத் திரும்பத் திரும்ப வரக்கூடும். ஒவ்வொரு முறையும் சில நாள் நிம்மதி, பிறகு அதே அடைப்பு. தசை எப்போது இறுகுகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டி, பார்த்துப் பார்த்துத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி நான்கைந்து அமர்வில் இவர்களில் பலருக்குப் பலன் தருகிறது. அங்கேயும் கண்ணால் பார்க்க ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தக் கோடு அவரவர் தசையிலிருந்து வருவது.